வாசலில் பெட்டி, பேரேடு வேறிடத்தில்: ரேடியஸ் வந்த கதை

சுவிட்ச் என்றதும் ஃபேன் சுவிட்ச் ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. நான் சொல்ல வருவது நெட்வொர்க் சுவிட்ச். காலேஜ் லேப், பேங்க், ஆபீஸ் என்று நாலு கம்ப்யூட்டருக்கு மேல் இருக்கும் எந்த இடத்திலும் ஒரு மூலையில், ரேக்குக்குள்ளே, நீல வயர்கள் செருகிய ஒரு தட்டைப் பெட்டி பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்குமே, அதுதான். எல்லாக் கம்ப்யூட்டரும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அந்தப் பெட்டிக்குள்ளும் லாகின் செய்யலாம். செய்துவிட்டால் யாருடைய கனெக்ஷனையும் நிறுத்தலாம், யாருடைய போக்குவரத்தையும் இன்னொரு பக்கம் திருப்பிவிட்டுப் பார்க்கலாம். அப்படியென்றால் அந்த லாகின் பெயரும் பாஸ்வேர்டும் எங்கே இருக்க வேண்டும்? பெட்டிக்குள்ளேயேவா, வேறு எங்காவதா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது.

"பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை" என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு முன்கூட்டியே பதில். ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் வருகிறது, எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதியிருப்போம். பணம் வாங்கும் கேஷியர் கையில் பேரேடு இருக்கக்கூடாது, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் எழுதிய பதிவு காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நெட்வொர்க்காரர்கள் இதே விதியைப் புத்தகத்தில் படிக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மூன்று ஏ: ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன், அக்கவுன்டிங். நீ யார், உனக்கு எதற்கெல்லாம் அனுமதி, நீ என்ன செய்தாய். மூன்றாவது ஏ நம்ம டிபார்ட்மென்ட் :-)

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு உதாரணம் சொல்கிறேன். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோடு ஏறி செங்கல்பட்டு பக்கம் போனால் பரனூர் டோல்கேட் வரும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானதிலிருந்து அங்கே கம்பம் ஏறி இறங்குவதைப் பாருங்கள். உங்கள் பணம் அந்த டோல்கேட்டில் இல்லை, உங்கள் பேங்க் கணக்கிலிருந்து கழிகிறது. கேட் செய்வது இரண்டே வேலை, ஸ்டிக்கரைப் படிப்பதும் கம்பத்தைத் தூக்குவதும். கணக்கு வேறிடத்தில். எல்லா டோல்கேட்டிலும் எல்லோருடைய கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு காலத்தில் நெட்வொர்க் பெட்டிகள் அப்படித்தான் இருந்தன.

அதற்கும் முன்னால் நோட்டே இல்லாத காலம் ஒன்று இருந்தது. இன்டர்நெட்டின் பாட்டி என்று சொல்லத்தக்க ஆர்ப்பாநெட்டில், 1971 முதல் டிப் என்ற பெட்டிகள் வைத்தார்கள். டெலிஃபோன் வழியாக அதற்கு டயல் செய்து நெட்வொர்க்குக்குள் வரலாம். டயல் செய்கிற நம்பர் தெரிந்தால் போதும், யார் என்று பெட்டி கேட்காது. உள்ளே போய் நீங்கள் தட்டும் கம்ப்யூட்டர் வேண்டுமானால் பாஸ்வேர்ட் கேட்கும். ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம், நடந்தது. 1983-ல் ராணுவத்துக்கான பகுதியை மில்நெட் என்று தனியாகப் பிரித்தபோது அந்தத் தாராளம் முடிவுக்கு வந்தது. டிப்பின் இடத்தில் டேக் என்ற பெட்டிகள் வந்தன (டெர்மினல் ஆக்சஸ் கன்ட்ரோலர்). ஒவ்வொரு பயனருக்கும் பெயரும் ரகசியக் குறியும் அச்சிட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். டேக் பெட்டிகள் அமெரிக்கா முழுவதும் சிதறிக் கிடந்தன, நினைவகமோ மிகச் சிறியது. எல்லாப் பயனரின் பட்டியலையும் ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க இடமில்லை. இடம் இருந்தாலும், ஒரே ஒரு ஆள் வேலையை விட்டுப் போனால் அத்தனை பெட்டியிலும் பெயரை அடிக்க வேண்டும். அதனால் பெட்டி தானே முடிவு செய்யாமல், வேறிடத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் "இவர் சொல்லும் குறி சரியா" என்று கேட்டுவிட்டு உள்ளே விடும்படி செய்தார்கள். பிபிஎன் நிறுவனத்தார் உருவாக்கிய அந்த முறைக்கு டகாக்ஸ் என்று பெயர். 1984 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 927 என்ற குறிப்பில் அதைப் பற்றிய எழுத்து இருக்கிறது. பின்னால் சிஸ்கோ கம்பெனி அதை எடுத்து நீட்டியது. நீட்டிய வடிவத்தை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஃபின்செத் 1993-ல் ஆர்எஃப்சி 1492 ஆக எழுதி வைத்தார். அப்புறம் சிஸ்கோவே பழையதோடு ஒட்டாத புதிய டகாக்ஸ் பிளஸ்ஸைச் செய்தது. உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்த முறை, 2020 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 8907 ஆக அதிகாரப்பூர்வமாக அச்சேறியது. நம்ம ஊர் பட்டா மாறுதல் மாதிரி!

இப்போது ரேடியஸ். இதன் பிறப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது பிறந்தது ஒரு டெண்டரில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் 1966-ல் சேர்ந்து தொடங்கிய மெரிட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. 1987-ல் என்எஸ்எஃப்நெட் என்ற தேசிய நெட்வொர்க்கின் முதுகெலும்பை நடத்தும் பொறுப்பு அதற்குக் கிடைத்தது. மாநிலம் முழுக்கப் பல ஊர்களில் டயல்-அப் மோடம்கள் வைத்திருந்தார்கள். எந்த ஊரில் டயல் செய்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட் வேலை செய்ய வேண்டும். யார் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கணக்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும். 1991-ல் "இப்படி யாராவது செய்து தர முடியுமா" என்று கேட்டு அறிக்கை அனுப்பினார்கள். சில மாதம் கழித்து கலிஃபோர்னியாவின் லிவிங்ஸ்டன் என்ற சின்னக் கம்பெனி பதில் போட்டது. அந்தப் பதிலில் இருந்ததுதான் ரேடியஸ். ஒப்பந்தம் லிவிங்ஸ்டனுக்கு. அவர்களின் போர்ட்மாஸ்டர் பெட்டியோடு ரேடியஸும் வளர்ந்தது. 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2058 ஆக வெளிவந்தது. அதே வருடம் லூசென்ட் கம்பெனி லிவிங்ஸ்டனை 650 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. லிவிங்ஸ்டன் அந்த முறையைத் தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் விட்டதால்தான் எல்லாக் கம்பெனிப் பெட்டியும் இன்று ரேடியஸ் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ரேடியஸில் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று படித்தபோது எனக்கு அப்படியே ஜர்னல் என்ட்ரி பார்த்த மாதிரி இருந்தது. நீங்கள் உள்ளே போனதும் பெட்டி சர்வருக்கு 'ஸ்டார்ட்' என்று ஒரு சீட்டு அனுப்பும். வெளியே வந்ததும் 'ஸ்டாப்' சீட்டு: இத்தனை விநாடி இருந்தார், இத்தனை பைட் உள்ளே, இத்தனை பைட் வெளியே. இரண்டுக்கும் ஒரே செஷன் எண். ஸ்டார்ட் இருந்து ஸ்டாப் வரவில்லையா? கரண்ட் போயிருக்கும், அல்லது சீட்டு வழியில் தொலைந்திருக்கும். பாக்கி நிற்கிற கணக்கு மாதிரி அதைத் தனியாகத் தேடித் தீர்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை. பைட் எண்ணிக்கைக்கு ஒதுக்கிய கட்டம் 32 பிட். சுமார் 4 ஜி.பி. தாண்டினால் மீட்டர் சுழன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். டயல்-அப் காலத்தில் ஒரே செஷனில் யார் 4 ஜி.பி. இறக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள். 2000 ஜூனில் ஆர்எஃப்சி 2869-ல் 'கிகாவேர்ட்ஸ்' என்று இன்னொரு கட்டம் சேர்த்து, எத்தனை முறை சுழன்றது என்று எழுத வைத்தார்கள். பேரேட்டில் கோடி எழுத இடம் போதாமல் பக்கத்தில் ஒரு பத்தி கிழித்துச் சேர்த்த கதைதான்.

நம் நாட்டில் இந்தக் கணக்கின் அருமை எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தது. அப்போது இன்னும் மெட்ராஸ் என்றே அழைக்கப்பட்ட நம் நகரமும் முதல் பட்டியலில் இருந்தது. இன்டர்நெட்டை மணிக்கணக்கில் அளந்து விற்றார்கள். மணிக்கணக்கில் விற்க வேண்டுமென்றால் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதும் பேரேடு இல்லாமல் வியாபாரமே இல்லை. 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்கு வழி திறந்ததும் முதலில் வந்தது சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே. அடுத்த வருடம் அக்டோபரிலேயே அது நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இன்டர்நெட் கம்பெனி ஆனது. பிற்பாடு சிஃபி என்று பெயர் மாறியது.

பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் வந்தது. அதில் ஹோம் 500 என்ற பிளானில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம், மற்ற நேரத்துக்கு அளவு உண்டு. எங்கள் மாமா 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மோடம் ஆன் செய்த கதையை இன்றைக்கும் சொல்வார். 2 அடித்ததும் கனெக்ட் செய்யாதே, பத்து நிமிடம் பொறு. 8-க்குப் பத்து நிமிடம் முன்பே துண்டித்துவிடு என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வார்களாம். காரணம் சர்வரின் கடிகாரமும் வீட்டுக் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, ஒரு செஷன் இரண்டு கட்டண நேரத்தில் கால் வைத்தால் எந்தப் பக்கம் எழுதப்படும் என்ற பயம். ஸ்டார்ட், ஸ்டாப் என்ற இரண்டு சீட்டுகளைத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பெயர் தெரியாமலே புரிந்துவைத்திருந்தன.

சரி, சுவிட்ச்சுக்கு வருவோம். டயல்-அப் செத்தது, ரேடியஸ் சாகவில்லை. 2001-ல் 802.1எக்ஸ் என்ற விதி வந்து, சுவிட்ச்சின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு டயல்-அப் லைன் மாதிரி நடத்தப்பட்டது. வயரைச் செருகினால் மட்டும் போதாது, யார் என்று சொல்ல வேண்டும், சுவிட்ச் ரேடியஸ் சர்வரிடம் கேட்கும். ஐ.ஐ.டி. மாதிரி பெரிய வளாகங்களில் இருக்கும் எஜுரோமும் இதே ஏற்பாடுதான். 2002-ல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரிங்கா முன்வைத்த யோசனை. எந்த நாட்டு வளாகத்துக்குப் போனாலும் கேள்வி உங்கள் சொந்தக் கல்வி நிறுவனத்தின் சர்வருக்குப் பயணம் போய், பதில் திரும்பி வரும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சுவிட்ச்சை நிர்வகிக்கிறவர்களின் லாகின். ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கிடங்கில் கான்ட்ராக்டில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். நாலு பேர் வேலை செய்யும் இடம், எல்லோருக்கும் ஒரே லாகின், பெயர் 'அட்மின்', பாஸ்வேர்ட் ரேக் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கரில். ஒரு சனிக்கிழமை இரவு யாரோ சுவிட்ச்சின் அமைப்பை அழித்துவிட்டார்கள். திங்கள் காலை வரை பில் போட முடியவில்லை. லாகைத் திறந்து பார்த்தால் 'அட்மின்' செய்தார் என்று இருக்கிறது. நாலு பேரும் அட்மின். கடைசியில் யார் வேலை போனது என்று நினைக்கிறீர்கள்? நிரந்தரப் பணியில் இல்லாதவர் வேலைதான். அவர் செய்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, செய்யவில்லை என்று காட்டவும் அவரிடம் ஒன்றுமில்லை. கணக்கு எழுதுவது என்றால் ஆளைப் பிடிப்பது என்றே நாம் நினைக்கிறோம். ஆளைக் காப்பாற்றவும் அதே பேரேடுதான் வேண்டும்.

ரிமோட் சர்வரை சுவிட்ச்சில் அமைப்பது பெரிய மந்திரம் இல்லை. சர்வரின் முகவரியைச் சொல்ல வேண்டும். சுவிட்ச்சுக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுத வேண்டும் (ஒரு எழுத்து மாறினாலும் ஒன்றும் வேலை செய்யாது, காரணமும் தெளிவாகத் தெரியாது). கேள்வி 1812 என்ற கதவிலும், கணக்கு 1813-லும் போகும். பழைய பெட்டிகள் 1645, 1646 என்று கேட்கும், இதுவும் ஒரு வரலாற்று மிச்சம். கடைசியாக வரிசை: முதலில் ரேடியஸைக் கேள், அது இல்லையென்றால் பெட்டிக்குள் இருக்கும் உள்ளூர்ப் பெயரைப் பார்.

இந்த 'இல்லையென்றால்' என்ற வார்த்தையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சர்வர் "முடியாது" என்று சொன்னால் அது பதில். கதை அங்கேயே முடிந்தது, சுவிட்ச் உள்ளூர்ப் பெயரைப் பார்க்காது. சர்வர் வாயே திறக்காமல் இருந்தால்தான் சுவிட்ச் சில விநாடி காத்திருந்து, மறுபடி கேட்டுப் பார்த்து, பிறகு உள்ளூர்ப் பட்டியலுக்கு வரும். இது புரியாமல் உள்ளூர்ப் பெயரே வைக்காதவர்கள், சர்வர் படுத்த அன்று தங்கள் வாசலுக்கு வெளியே தாங்களே நிற்பார்கள். வைத்தவர்களோ அதற்கும் 'அட்மின்' என்றே பெயர் வைத்து மறந்துவிடுவார்கள். நம்ம ஊரில் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது ஒரு பழக்கம். 2017 ஜூலையில் அப்படி மாற்றப்படாத பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தேடிப்பிடித்து முடக்கியது பத்திரிகைகளில் வந்தது. அந்த உள்ளூர்ப் பெயரின் பாஸ்வேர்டை ஒட்டிய கவரில் போட்டு, கவர் பிரிக்கப்பட்டால் யார் பிரித்தார் என்று எழுதி வைக்கும் ஆபீஸ்கள் உண்டு. பேங்க் லாக்கர் சாவி முறை. எனக்கு அது மிகவும் பிடித்தது.

டகாக்ஸ் பிளஸ்ஸா, ரேடியஸா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. சுருக்கமாக: டகாக்ஸ் பிளஸ் ஒருவர் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அனுமதி கேட்டு, எழுதியும் வைக்கும். ரேடியஸ் வாசலில் நின்று வந்தவர் போனவரை எழுதுவதற்கே பிறந்தது. அந்த அண்ணனின் கிடங்குக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருள் 1999-லிருந்து இருக்கிறது, ஒரு பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஆளுக்கொரு பெயர் என்ற நிலைக்கு வரவே அது போதும். ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் அதுவே எவ்வளவோ மேல்.

ரேடியஸின் வயதும் அதற்கு ஒரு வியாதி. சர்வர் தரும் பதில் உண்மையானது என்று காட்ட அதில் போடும் முத்திரை எம்டி5 என்ற கணக்கில் செய்யப்பட்டது. எம்டி5 வெளிவந்தது 1992-ல், அதன் பலவீனத்தை சீனப் பேராசிரியர் வாங் ஷியாவ்யுன் குழு காட்டியது 2004-ல். அதற்குப் பிறகும் இருபது வருடம் முத்திரை மாறவில்லை. 2024 ஜூலையில் அமெரிக்க, நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 'பிளாஸ்ட்-ரேடியஸ்' என்று ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். சுவிட்ச்சுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார முடிந்த ஒருவர், பாஸ்வேர்டும் தெரியாமல், ரகசியச் சொல்லும் தெரியாமல், "முடியாது" என்ற பதிலை "விடு" என்று திருத்த முடியும். செக்கில் 'நாட் நெகோஷியபிள்' என்பதை அழித்துவிட்டு எழுதுவது மாதிரி. வைஃபையில் ஓடும் இஏபி வகை லாகின்களில் கூடுதலாக இன்னொரு முத்திரை கட்டாயம் என்பதால் அவை தப்பின. மாட்டியது சாதாரண பாஸ்வேர்ட் லாகின்கள், அதாவது நிர்வாகிகள் சுவிட்ச்சுக்குள் போகும் அதே வாசல். எல்லாச் சீட்டிலும் அந்தக் கூடுதல் முத்திரையைக் கட்டாயமாக்குவது உடனடி மருந்து. மொத்தப் பேச்சையும் டிஎல்எஸ் உறைக்குள் அனுப்புவது நிரந்தர மருந்து. இரண்டும் பெட்டியை அப்டேட் செய்தால்தான் வரும்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவு, சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற ஆடிட் டிரெயில் கட்டாயம். டாலியில் ஒரு வவுச்சரைத் திருத்தினால் பெயர் நிற்கும், அந்த டாலி ஓடும் நெட்வொர்க்கின் சுவிட்ச்சில் 'அட்மின்' நிற்பார் என்றால் ஆடிட்டர் என்ன எழுதுவார் என்று எங்கள் சாரிடம் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். பல சிஸ்கோ சுவிட்ச்களில் கரண்ட் போனாலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. ஆன் செய்ததும் அது 1993 மார்ச் 1 என்று எண்ணத் தொடங்கும். சரியான நேரத்தை வேறு சர்வரிடம் கேட்டு வாங்கும்படி என்டிபி அமைக்காவிட்டால், நேற்று இரவு நடந்தது அந்தப் பெட்டியின் லாகில் 1993-ல் நடந்ததாகவே பதிவாகும். தேதியில்லாத வவுச்சரை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆகவே ரேடியஸ் சர்வர் முகவரியை அடிப்பதற்கு முன்னால் நேரம் தரும் சர்வரின் முகவரியை அடியுங்கள்.